கூண்டின் முன்பக்கம்

ஜூன் 9

மருமகளுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ லீவு கேட்டு யார் முன்னாலாவது நிற்க வேண்டியிருக்கும். ஆகையால் நேரே கோழிக்கு வருகிறேன்.

கோழிகள் ஆறும் இருக்கின்றன. உன்னுடையவை, இல்லை, உன்னுடையவையும் என் மகனுடையவையும். அவன் போய் நாலு மாதம். நீ வேலை கிடைத்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம். அன்றிலிருந்து இவற்றுக்கு நான்தான் ஆயா. படத்துக்குச் சட்டம் போடுகிறவனுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? கோழிப் படம் கொண்டு வந்தால் அழகாக ஃப்ரேம் போட்டுத் தருவேன், அவ்வளவுதான்.

அந்தக் கறுப்புக் கோழிக்கு மாமியார் என்று பெயராமே? பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வைத்தது நீயா, அவனா? உன் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது நடந்திருக்கும். ஆனால் பெயர் பொருத்தம்தான். மற்ற ஐந்தையும் நிற்க விடுவதில்லை, உட்கார விடுவதில்லை.

முட்டைக்கடைக்காரர் வந்தார். "ஆறையும் நானே எடுத்துக்கறேன், ஐயா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார். மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ திரும்பி வருவதாக இருந்தால் வைத்திருக்கிறேன். இல்லையென்றால் கொடுத்துவிடுகிறேன். எது என்று எழுது.

போனில் சொல்லாதே. எனக்குக் காது மந்தம், உனக்கு வாய் மந்தம். போன தடவை நீ "ம்" என்றாய், நான் "என்ன?" என்றேன், நீ மறுபடியும் "ம்" என்றாய். அதற்குக் காசு வேறு.

மாமா


ஜூன் 17

மாமாவுக்கு,

கொடுத்துவிடுங்கள்.

நான் வருவதாக இல்லை. உங்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது, அதுவும் வரவில்லை.

வேலை மருத்துவமனையின் சலவைப் பிரிவில். விரிப்புகள் எந்திரத்திலிருந்து சூடாக வரும். நானும் எதிரே ஒருத்தியும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிப்போம். கை தானாக மடிக்கிறது. தங்கும் அறையில் நாலு பேர். ஜன்னலை ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள், திறக்காது. சாப்பாடு இருக்கிறது.

கோழிக்குப் பெயர் வைத்தது அவர்.

மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் அந்த ஆளுக்கு இல்லை. வந்தவர் கோழியைக் காய்கறி மாதிரி அமுக்கிப் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஆள் பார்க்கிறேன், அதற்கு நாளாகும். அதுவரை இவை உயிரோடு இருக்க வேண்டுமே. கேட்டதற்கெல்லாம் பதில் எழுது.

ஒன்று, கூண்டு நாறுகிறது. பக்கத்து வீட்டு டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டே என்னோடு பேசுகிறாள். இரண்டு, அந்தக் குண்டுக்கோழி முட்டையைப் போட்டுவிட்டுத் தானே உடைத்துக் குடிக்கிறது. ஊரிலே பிள்ளையைத் தின்கிற தாய் உண்டா? மூன்று, மாமியார். நொண்டிக்கோழியைத் தண்ணீர் குடிக்க விடுவதில்லை. நான் விரட்டினால் என்னையும் கொத்துகிறது. தனக்குத்தான் கொம்பு முளைத்திருக்கிறது என்று நினைப்பு, மூதேவி.

நாலாவது உன் ஜன்னல். ஆணி அடித்த ஜன்னலை ஏன் பொறுத்துக்கொண்டிருக்கிறாய்? யாரிடமாவது ஒரு குறடு கேள்.

மாமா


ஜூலை 11

மாமாவுக்கு,

நாறினால் கீழே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மரத்தூளை ஒரு கை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள், நாலு விரல் உயரத்துக்கு. தச்சுப்பட்டறையில் சும்மா கொடுப்பார்கள். இரவில் உட்காரும் கட்டைக்குக் கீழேதான் எச்சம் அதிகம் சேரும், அங்கே மட்டும் அடிக்கடி மாற்றினால் போதும்.

முட்டை குடிப்பதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. முட்டை ஓட்டை வறுத்து, ஓடு என்று அதற்குத் தெரியாதபடி பொடித்து வையுங்கள். அரைகுறையாக நொறுக்கிப் போட்டால் அதுவே பழக்கமாகிவிடும். முட்டைப் பெட்டிக்கு முன்னால் சாக்குத் துணி தொங்கவிடுங்கள். இருட்டாக இருந்தால் கொத்தாது.

மாமியாரை விரட்ட வேண்டாம். தண்ணீரும் தீனியும் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது.

சாம்பலும் மணலும் கலந்து ஒரு பழைய டயருக்குள் கொட்டி வையுங்கள். புரண்டு குளிக்கும். பேன் வராது.

குறடு கேட்கவில்லை.

மருமகள்


ஜூலை 24

மருமகளுக்கு,

நீ சொன்னதெல்லாம் செய்தேன். டயர்க் குளியல் பிரமாதம். இரண்டு தண்ணீர் வைத்ததில் மாமியார் இங்கும் அங்கும் ஓடியே இளைத்துவிட்டது. நன்றாக வேண்டும். நொண்டிக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது, இருமலும் இருக்கிறது. மழைதான் காரணம்.

இப்போது பெரிய செய்தி. கூண்டை முடித்துவிட்டேன்.

அவன் போனபோது கூண்டின் முன்பக்கம் இடுப்பு உயரத்துக்குத்தான் பலகை இருந்தது. மேலே வெறும் கம்பி வலை. சுத்தியலும் ஆணி டப்பாவும் கூரை மேலேயே கிடந்தன. காலையில் வேன் எடுக்கப் போனவன், சாயங்காலம் வந்து மீதியை அடிக்கலாம் என்று வைத்திருப்பான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறோம் என்று அவனுக்கு என்ன தெரியும். ஐந்து மாதமாக அந்தப் பாதிச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. சாரல் நேரே உள்ளே.

கடையில் கிடந்த நல்ல கண்ணாடியை வெட்டி, தேக்குச் சட்டம் போட்டு, முன்பக்கம் முழுக்க அடைத்துவிட்டேன். இடுக்குகளில் புட்டி பூசி அடைத்து, மேலே படத்துக்குப் பின்னால் ஒட்டுகிற காகித டேப்பை ஒட்டினேன். எறும்புகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவன் வேலை பாதியில் நிற்க வேண்டாம், பார்.

உன் அத்தை, அதுதான் என் தங்கை, வந்திருந்தாள். கூண்டைப் பார்த்து, "இது கோழிக்கூண்டா, நகைக்கடையா?" என்றாள். உன்னையும் விசாரித்தாள்.

மாமா


ஆகஸ்ட் 1

மாமாவுக்கு,

கண்ணாடியை உடனே எடுங்கள். இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், எடுத்துவிட்டு வந்து படியுங்கள்.

கோழிக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. அதன் மேலேயே இறகு இருக்கிறது. அடைத்த காற்றுதான் கொல்லும். ஆறு கோழி இரவு முழுக்க விடுகிற மூச்சும், எச்சத்திலிருந்து கிளம்புகிற காரமும் வெளியே போக வேண்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விடாவிட்டால் உள்ளே வேர்த்துப் படம் ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். கோழிக்கும் அதே கதைதான். சாரல் அடித்தால் கூரையை ஒரு முழம் முன்னால் இழுத்துவிட்டால் போதும். மூக்கு ஒழுகும் கோழியைத் தனியாக, தள்ளி வையுங்கள். அதன் தண்ணீரை மற்றவை குடிக்கக்கூடாது.

முன்பக்கத்தின் மேல் பாதியில் வலை மட்டும்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் கட்ட வேண்டும் என்று அவர் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து கட்டினார். சுத்தியலை அவர் எடுத்தது என் சமையலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காத மனுஷன். அவர் பாதியில் விட்டுப் போகவில்லை, மாமா. கூண்டை முடித்துவிட்டுத்தான் போனார்.

அத்தை என்ன விசாரித்தார் என்று எனக்குத் தெரியும். "இன்னும் அவ அழலையா?" என்றுதானே. அன்றைக்கு எல்லோர் முன்னாலும், "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்றார். நீங்கள் நாலடி தள்ளி உங்கள் மகனின் படத்துக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குக் காது மந்தம்தான். ஆனால் கண்ணாடி கீறுகிற சத்தம் அந்த நேரத்தில் நின்றது.

மருமகள்


ஆகஸ்ட் 14

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடியை எடுத்துவிட்டேன். கூரையும் இழுத்துவிட்டாயிற்று. இப்போது இருமல் சத்தம் கேட்பதில்லை.

அன்றைக்கு என் காதில் விழுந்ததா இல்லையா என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். கண்ணாடி வெட்டியது ஞாபகம் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

கோழிகள் நல்ல கோழிகள். இரவில் உட்காரும் கட்டை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று எழுது.

மாமா


ஆகஸ்ட் 25

மாமாவுக்கு,

இரண்டு விரல் அகலம், மேலே தட்டையாக, ஓரம் மழுக்கி. மூங்கில் வேண்டாம், வழுக்கும். முட்டைப் பெட்டியை விடக் கட்டை உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே தூங்கி அசிங்கம் பண்ணும்.

இருமல் நின்றது நல்லது.

எதிரே நின்று விரிப்பு மடிக்கிறவள் நேற்று, "அக்கா, உங்களுக்குக் கை சுடலையா?" என்று கேட்டாள். பார்த்தேன், உள்ளங்கை சிவந்து கொப்புளமாக இருந்தது. எப்போது என்று தெரியவில்லை. அவள் களிம்பு தடவிவிட்டாள். இப்படித்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் பிரிக்கிறேன். கட்டை எத்தனை விரல் என்று யோசிக்கிற நேரம் மட்டும் தலைக்குள் ஏதோ ஓடுகிறது.

வாங்க ஆள் கிடைத்ததா?

மருமகள்


செப்டம்பர் 8

மருமகளுக்கு,

ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அவசரமும் இல்லை. கையில் களிம்பு தடவு.

கட்டையை நீ சொன்னபடியே மாற்றிவிட்டேன். சௌகரியமாக இருக்கும். கோழிகள் மிகவும் சாதுவாக இருக்கின்றன. தினமும் ஆறு முட்டை. டீச்சருக்குக் கொடுக்கிறேன். எலி வராமலிருக்க என்ன செய்வது? தீனியை இரவில் உள்ளேயே விடலாமா? இரண்டுக்கும் விவரமாகப் பதில் எழுது. நீளமாக இருந்தால் நல்லது, இப்போதெல்லாம் எனக்குப் படிக்க நேரம் இருக்கிறது.

மாமா


செப்டம்பர் 17

மாமாவுக்கு,

தீனியை இரவில் விடக்கூடாது. எலிக்காகத்தான் விருந்து வைத்த மாதிரி ஆகும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். வலையை மண்ணுக்குள் ஒரு சாண் புதைத்து, வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் தோண்டி வருகிற எதுவும் அதில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். வலை சிறு கண்ணாக இருக்க வேண்டும். பெரிய கண்ணுள்ள வலை கோழியை உள்ளே வைக்கும், எலியை வெளியே வைக்காது.

பகல் குறைகிற காலம். இறகு கொட்டத் தொடங்கியிருக்கும். பயப்படாதீர்கள், நோய் இல்லை. பழையது விழுந்து புதிது முளைக்கும். கொட்டுகிறதா? மாமியார் எப்படி இருக்கிறது?

குறடு கேட்டேன். காவலாளியிடம் இருந்தது. நாளைக்குத் தருகிறேன் என்றார்.

மருமகள்


அக்டோபர் 4

மருமகளுக்கு,

குறடு கேட்டாயா, நல்லது.

ஒரு இறகுகூடக் கொட்டவில்லை. நன்றாகப் பராமரிக்கிறேன் அல்லவா. தினமும் ஆறு முட்டை, தவறுவதே இல்லை. மாமியார் தங்கமான கோழி. நொண்டியோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறது.

குளிர்காலத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

மாமா


அக்டோபர் 12

மாமாவுக்கு,

கோழி ஒன்றுகூட இல்லை, இல்லையா?

ஆறு கோழி தினமும் ஆறு முட்டை போடாது. நல்ல காலத்திலேயே போடாது. இந்தக் காலத்தில், இரண்டு வயதுக் கோழிக்கு இறகு கொட்டாமல் இருக்காது, கொட்டும்போது முட்டை நின்றுவிடும். ஆனால் எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஆகஸ்ட் கடிதத்திலேயே தெரிந்தது. அதில் திட்டு இல்லை. "நல்ல கோழிகள்" என்று எழுதியிருந்தீர்கள்.

திட்டாமல் நீங்கள் எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. சோற்றைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவீர்கள். அவரைக் காலையில் எழுந்ததிலிருந்து திட்டுவீர்கள், தண்டச்சோறு, வரிசையில் நிற்கத் தெரியாதவன், சொன்ன நேரத்துக்கு வீடு வராதவன் என்று. அவரும் சிரித்துக்கொண்டே பல் தேய்ப்பார். பிறகு அந்த மாசி மாதத்துச் சாயங்காலம் அவரைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அதிலிருந்து நீங்கள், "நல்ல பையன், நல்ல பையன்" என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். அதை என்னால் கேட்க முடியவில்லை. அதனால்தான் கிளம்பினேன். அத்தை சொன்ன வார்த்தைக்காக இல்லை. என்னையும் நீங்கள் அன்றோடு திட்டுவதை நிறுத்திவிட்டீர்கள்.

பொய் எழுதினதில் எனக்கு வருத்தம் இல்லை. இல்லாத கோழிக்கு நானும் இரண்டு மாதமாகக் கட்டை அகலமும் வலைக் கண்ணும் எழுதிக்கொண்டுதானே இருந்தேன்.

இனி செய்ய வேண்டியது. மரத்தூளை முழுக்க அள்ளி எரித்துவிடுங்கள். கட்டை, பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து வெயிலில் போடுங்கள். கூண்டுக்குள்ளே மூலைமுடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடியுங்கள். அதன் பிறகு சும்மா விட்டுவிடுங்கள். காலிக் கூண்டைப் பார்த்தால் உடனே புதிதாக வாங்கிப் போட்டுவிடத் தோன்றும். போடக்கூடாது. நோய் மண்ணில் இருக்கும். வெயிலும் காற்றும் பட்டுக் கொஞ்ச காலம் வெறுமையாகத்தான் கிடக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். திட்டி எழுதுங்கள்.

மருமகள்


அக்டோபர் 22

மருமகளுக்கு,

திட்டச் சொன்னாய். கேட்டுக்கொள்.

முதலில் போனது நொண்டி. சொல்லாமல் கொள்ளாமல், மூலையில் தலையைச் செருகிக்கொண்டு. தனியாக வை என்கிற உன் கடிதம் வருவதற்குள் குண்டும் செம்பட்டையும் மற்ற இரண்டும் போய்விட்டன. தபால்காரன் மழை என்று மூன்று நாள் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறான், அவனையும் சேர்த்துத் திட்டுகிறேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு மிச்சம் மாமியார் மட்டும்தான். நீ சொன்னபடி முழுக்கப் படிக்காமல் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பெயர்த்தேன். அந்தத் திமிர் பிடித்த முண்டம் மெதுவாக வெளியே வந்தது, என் கணுக்காலில் நன்றாக ஒரு கொத்துக் கொத்தியது, டயருக்குள் போய்ச் சாம்பலில் உட்கார்ந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அப்படியே இருந்தது. தொட்டால் கொத்தவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது, பாவி மகள்.

இப்போது அவன். வீட்டில் கோழி வளர்ப்பதைப் பற்றி நூறு பேரிடம் பேசுவான், "அப்பா, இது இப்படித்தான் இருக்கணும், திறந்து இருக்கணும்" என்று பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். சுத்தியலை எடுத்த இடத்தில் வைக்க மாட்டான். ஆணி டப்பா மழையில் துருப்பிடித்து ஒரே கட்டியாகக் கிடக்கிறது, யார் அப்பன் வீட்டு ஆணி? என் ஆணி. எங்கே போனாலும் வரிசையில் முன்னால் புகுந்து நிற்கிற பயல். இதிலுமா? அறுபத்தெட்டு வயசுக்காரன் நான் நிற்கிறேன், என்னைத் தள்ளிவிட்டு நீ எங்கேடா போகிறாய்? அறிவுகெட்டவன். தடியன். எழுதும்போதே கண்ணாடி மங்குகிறது, மூக்குக்கண்ணாடியைச் சொல்கிறேன். இவ்வளவு நாள் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது டீச்சர் சுவருக்கு மேலே எட்டி, "என்ன ஐயா, என்ன ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அதற்கும் நீதான் காரணம்.

நீ. உன்னைச் சும்மா விடுவேன் என்று நினைத்தாயா? குடையை எடுக்காமல் போனாய். மழைக்காலம் முழுக்க நனைந்திருப்பாய், எருமை. கை வெந்ததுகூடத் தெரியாமல் நிற்கிறாய், கண் எங்கே போயிற்று? சமையலறைப் பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகிப்போய்க் கிடக்கிறது, அது உன் கைக்குத்தான் மசியும். நான் ஏழு மாதமாக வாசலைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறேன். என் தங்கை போன வாரம் வந்தாள், கல் என்று உன்னைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தாள். "எழுந்து போ, இது என் மருமக வீடு" என்றேன். போய்விட்டாள். பலகாரப் பாத்திரத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். முன்பக்கத்தில் கை வைக்கவில்லை. அவன் விட்டபடியே இருக்கிறது.

நீ வருகிறாயா, இல்லையா? கோழியைச் சாக்கு வைக்காமல் கேட்கிறேன். வந்து தொலை.

மாமா


நவம்பர் 3

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் வைத்துப் படித்தேன். "எருமை" என்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. எதிரே நிற்கிறவள் பயந்துபோய் மேற்பார்வையாளரைக் கூட்டி வந்தாள். அவர் என்னை உட்கார வைத்தார். மடித்து வைத்த விரிப்புகளில் ஒன்றை நனைத்துவிட்டேன், மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் ஆணிகளைப் பிடுங்கினேன். ஜன்னல் திறக்கிறது. எதிரே ஒரு சுவர்தான், ஆனாலும் காற்று வருகிறது.

இந்த மாதக் கடைசியோடு கணக்கை முடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். முதல் தேதி சாயங்கால பஸ்ஸில் வருவேன். தாழ்ப்பாளை எண்ணெய் போட்டு நெம்பாதீர்கள், உடைத்துவிடுவீர்கள்.

கோழி எதுவும் வாங்கி வைக்க வேண்டாம். எது நோயில்லாதது என்று உங்களுக்குப் பார்க்கத் தெரியாது. நான் வந்து பார்த்து வாங்குகிறேன்.

மருமகள்